சர்வர் சொல்லாத பெயில்

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திரையில் ஏதாவது எண் வந்தாலே விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவேன். நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைப்பேன். முதலாளிதான் அவற்றுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தார். கேட்டது ஒழுங்காகக் கிடைத்தால் சர்வர் இருநூறு என்று பதில் சொல்லும். அது நம் கண்ணில் படாது, பக்கம் மட்டும் திறந்துவிடும். நானூற்று நான்கு என்றால் அப்படி ஒரு பக்கமே அங்கே இல்லை. ஐந்நூறில் தொடங்கினால் கோளாறு சர்வரில், நம்மேல் தப்பில்லை. பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். சொல்லி முடித்ததும், அப்பா வீட்டை விட்டு எங்கோ போயிருந்த எனக்கு 'நானூத்தி நாலு' என்று பெயர் வைத்தார். வந்தவர்கள் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார்.

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த காலையில் கடையில் நிற்க இடமில்லை. வல்லத்திலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு வந்திருந்தாள். முதலாளி அவளுடைய தேர்வு எண்ணைத் தட்டினார். ஐந்நூற்று மூன்று வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டதில் சர்வர் திணறுகிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். திரை எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார்.

"பொண்ணு பெயிலுங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் கை விழுந்தது. மேசை விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. நான் எழுந்து, அது பெயில் இல்லை, சர்வர் வேலை செய்யவில்லை என்று கத்தினேன். முதலாளி சிரித்தபடி, சும்மா தமாசுக்குச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். அவளுடைய அப்பா எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அவளை மறுபடியும் அறைந்தார்.

"உன்னாலதான்டி நாலு பேரு என்னப் பாத்து சிரிக்கிறான்."

வாசல் குழாயடிக்கு அவளை அழைத்துப் போனேன். வாயைக் கொப்பளித்துக்கொண்டே கேட்டாள்.

"யக்கா, அதுல இன்னா போட்டிருந்துச்சு?"

"சர்வர் பிசின்னு. உன்னப் பத்தி ஒண்ணுமே போடல."

"அது உங்க முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் மறுபடியும் வாயைக் கொப்பளித்தாள். துப்பிய தண்ணீர் சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்துப் பக்கம் திறந்தது. நல்ல மதிப்பெண்ணில் பாஸாகியிருந்தாள். அப்பா அச்சடித்த மதிப்பெண் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னார். அவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள்.

சாயங்காலம்வரை முதலாளி அந்தக் கதையை வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அறை விழும் இடத்தில் ஒவ்வொரு முறையும் மேசையைத் தட்டிக் காட்டினார்.