சகோதரர் சவரிநாதனும் மாதக் கடிதமும்

சகோதரர் சவரிநாதனை அறிந்தவர்களுக்கு வணக்கம். அடக்கத்தன்று காலையில் பங்குத் தந்தை தொலைபேசியில் அழைத்து, முப்பதாம் நாள் பூசை மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார். வரிசை இல்லாமல் எழுதினால் எதையாவது விட்டுவிடுவேன் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் அடக்கத்துக்குப் புறப்படும் முன்பே குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு இது:

1. செய்தி வந்த விதம்.
2. மடகாஸ்கரில் நாங்கள் இருவரும் பட்ட பாடு.
3. என்னைத் திருப்பி அனுப்பும்படி அவர் எழுதியது.
4. அதை நான் அவரிடம் கேட்காமலே இருந்தது.
5. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது.

செய்தி அடக்கத்துக்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் வந்தது. நான் நம்பவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் இதே பங்குக் குழுவில் ஒருவர் படத்துக்கு மாலை போட்டு அனுப்பினார்கள்; அவரே, “நான் வீட்டுலதான் இருக்கேன்” என்று பதில் போட்டார். ஆகவே அன்றே பேருந்து ஏறிக் கோட்டுச்சேரியில் அவர் இருந்த வீட்டுக்குப் போனேன். தெருவில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். உள்ளே போய் முகத்தைப் பார்த்த பிறகே நம்பினேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் துறவற சபையில் சேர்ந்தவர்கள். காரைக்கால் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வரும் என்று இருபத்துமூன்று வயதில் எங்களை மடகாஸ்கரின் ஒரு மலைப்பள்ளிக்கு அனுப்பினார்கள். எங்கள் பிரெஞ்சு அங்கே தலைமை ஆசிரியரோடு நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் பேசியது வேறு மொழி. தினம் பத்துச் சொல் எழுதி மனப்பாடம் செய்வேன். பதினோராவதாக ஒன்றைச் சொல்லிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அங்கி துவைத்தால் மூன்று நாளைக்குக் காயாது. மூன்று வேளையும் சோறு, அதற்குக் கீரைத் தண்ணீர். புளி இல்லை, மிளகாய் இல்லை. சாப்பிட்ட பிறகு, அடிப்பிடித்த சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சிக் குடிக்கவேண்டும். சவரிநாதன் ஒரே வாரத்தில் அதற்குப் பழகிவிட்டார். எனக்கு அது நடிப்பாகப் பட்டது.

அந்தப் பக்கத்தில் இந்தியர் என்றால் ஜவுளிக்கடைக்காரர். வெள்ளைக்காரச் சாமியாரை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு எங்கள் நிறம் குழப்பமாக இருந்தது. ஒரு பெண்மணி வாசலுக்கு வந்து, சவரிநாதனின் அங்கியை விரலால் தேய்த்துப் பார்த்து, இதே துணி நீலத்தில் இருக்கிறதா என்று கேட்டார். நான் கூசிப்போய் உள்ளே நகர்ந்துவிட்டேன். அவர் அந்தப் பெண்மணியை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அரைமணி நேரம் கையும் சாடையுமாகப் பேசி அனுப்பினார். பிறகு என்னிடம் சொன்னார்: “கடைக்காரன்னு நெனச்சாலும் வாசலுக்கு வந்துட்டாங்கல்ல, ஞானம். பாதி வேலை முடிஞ்சுது.”

நான் அதைக் கடிதத்தில் எழுதவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன்.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் சபையில் இளம் சகோதரர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரும் தன் துணைவரைப் பற்றிச் சபைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டவேண்டும். எழுதியதை மற்றவருக்குக் காட்டக் கூடாது. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து நான் அவரைப் பற்றியும் அவர் என்னைப் பற்றியும் எழுதுவோம். அவர் எப்போதும் இரண்டு கடிதம் எழுதுவார். ஒன்று வீட்டுக்கு என்பார். இரண்டையும் இடது கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுவார். நாங்கள் இருவர் மட்டுமே உள்ள அறையில் என்னைத் தவிர வேறு யார் பார்க்கப்போகிறார்கள்?

எனக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சு இழுப்பு. சபை மருத்துவப் படிவத்தில் அதை எழுதவில்லை. “எழுதாதடா, எடுக்கமாட்டாங்க” என்று அம்மா சொன்னதுதான் காரணம். மலைக்குளிரில் அது திரும்பி வந்தது. ஒரு நாள் மூச்சு முட்டி வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். சவரிநாதன் முதுகைத் தேய்த்துவிட்டார். பயத்தில் படிவத்து விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் மாதம் சபைத் தலைவர் ஜீப்பில் வந்தார். “சின்ன வயதிலிருந்தே உங்கள் நெஞ்சில் ஒரு விசில் இருக்கிறதாமே” என்றார். நான் ஊருக்குப் புறப்பட வேண்டும் என்றார். அன்று என் நாட்குறிப்பில் அந்தப் பிரெஞ்சு வாக்கியத்தை அப்படியே எழுதிவைத்தேன். சவரிநாதன் காட்டிக்கொடுத்ததோடு கேலியும் செய்திருக்கிறார் என்பதுதான் எனக்கு வலித்தது. கப்பலில் ஒரு தாளில், விஷயம் தெரிந்தவர்கள் பெயரை எழுதினேன். எங்கள் ஊர் டாக்டர்: இறந்துவிட்டார். அம்மா: மறைக்கச் சொன்னவரே அவர்தான், பிரெஞ்சும் தெரியாது. இரண்டையும் அடித்தேன். மூன்றாவது பெயர் நின்றது.

வீட்டில் அம்மாவிடம், யாரோ எழுதிவிட்டார்கள் என்று சொன்னேன். “யாரு எழுதுனா என்னடா. மூச்சு விடுறியே, போதும்” என்றார்.

நான் சபையை விட்டு வந்து, பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியரானேன். சவரிநாதன் அங்கேயே முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தார். விடுமுறையில் வரும்போதெல்லாம் என்னைப் பார்க்க வருவார். காப்பி கொடுப்பேன். ஆனால் யாருக்காவது எழுதத் தகுந்த எதையும் சொல்லமாட்டேன். அவர் எதிரில் நான் இருமியதுகூட இல்லை. முதுமையில் தங்கை லூர்துமேரி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, ஒருமுறை அவரே கேட்டார்: “ஞானம், எங்கிட்ட எதுவும் கேக்கணுமா?” ஒன்றுமில்லை என்றேன். என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர், பந்தல் போட்ட அவரைக்கொடியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

இதுவரை என் குறிப்புப்படி எழுதிவிட்டேன். இனி எழுதுவது குறிப்பில் இல்லாதது.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு லூர்துமேரி என்னை இருக்கச் சொன்னார். “ஞானம் அண்ணே, இனிமே சொன்னா தப்பில்ல” என்று தொடங்கினார். அண்ணன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஞானத்துக்கு இழுப்பு அதிகம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று இருந்ததாம். லூர்துமேரிதான் அதை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாராம். சபைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதவைக்க, அம்மா அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாராம். அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்கும் பெரியவர் ஒருவர், எல்லாரும் ‘சொல்தா’ என்று கூப்பிடுபவர், ஊருக்கெல்லாம் பிரெஞ்சில் மனு எழுதித் தருவார்.

“அந்தச் சொல்தா மாமாவுக்கு இழுப்புக்குப் பிரெஞ்சுல என்னன்னு தெரியல. உங்கம்மா இழுத்து இழுத்து மூச்சு விட்டுக் காமிச்சாங்க. அவரு, சரி, நெஞ்சுல விசில்னு எழுதுறேன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்து உங்கம்மாகிட்ட கிள்ளு வாங்குனேன்.”

பதினோரு வயதில் நடந்தது இத்தனை நினைவிருக்குமா என்று கேட்டேன். அண்ணனைக் காப்பாற்றச் சொல்கிறாரோ என்றும் தோன்றியது.

“நம்பாட்டி போங்க. உங்கம்மா மாதா மேல சத்தியம் வாங்குனாங்க. எம்புள்ள சாமி வேலையை நானே கெடுத்தேன்னு அவனுக்குத் தெரியக் கூடாதுன்னாங்க. அண்ணன் முதல் லீவுல வந்தப்ப அதுக்கிட்ட மட்டும் சொன்னேன். நீங்க அண்ணனச் சந்தேகப்படுறது அதுக்குத் தெரியும். சொல்லிருண்ணேன்னு நான் சண்டையே போட்டுருக்கேன்.”

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“அம்மாவுக்கும் புள்ளைக்கும் நடுவுல நான் போய் எதுக்குடி நிக்கணும். அவன் கோவம் எம்மேலயே இருக்கட்டும், நான் கடல் தாண்டி இருக்கேன். அம்மா பக்கத்துலல்ல இருக்காங்க. இதான் சொல்லும்.”

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். விசில் என்ற சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். அந்தச் சொல் லூர்துமேரிக்குத் தெரிய வேறு வழியில்லை.

அம்மா இறந்து இருபது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் சவரிநாதன் ஏன் சொல்லவில்லை என்று யோசிக்கிறேன். நானாகக் கேட்டால் சொல்வதென்று இருந்திருக்கலாம். அவர் கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன். இதிலும் என் கணக்குத் தவறாக இருக்கலாம்.

ஐந்தாவதாக எழுதவேண்டியது, அவரிடமிருந்து என்னிடம் இருப்பது. என் தாயின் மேல் ஒரு நாளும் கோபமில்லாமல் அவரோடு இருந்த ஆண்டுகள். அவற்றை எனக்குக் கொடுத்தவர் சவரிநாதன் என்று இப்போதுதான் தெரிகிறது.

மலர் அச்சுக்குப் போகும் முன் குறிப்பைத் திருத்தித் தரட்டுமா என்று பங்குத் தந்தை கேட்டார். வேண்டாம் என்றேன். நாற்பத்தாறு ஆண்டுகள் நான் நம்பியதை அச்சில் ஒருமுறையாவது நீங்கள் பார்க்கவேண்டும். குறிப்பில் மூன்றாவதாக எழுதியது தவறு.