டேப்புக்குள் ரெண்டு விரல்

எங்க மாமா பேன்ட் தைப்பதில் புலி. அவர் தைத்ததைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கிழித்தவன் கிடையாது. இந்தப் பெருமையை நாங்கள் தினமும் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கியாக வேண்டும்.

முழங்கால் தேய்ந்து மெஷினை மிதிக்க முடியாமல் போனதும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் அவரை அங்கேயே வரவழைத்து மூட்டு மாற்றி அனுப்பினாள். வந்தபிறகு வீடே ஆஸ்பத்திரி. ஐஸ் ஒத்தடத்துக்கு அத்தை. 'மடக்குங்க, நீட்டுங்க' என்று கத்துவதற்கு நான். உள்ளூர் டாக்டரோ, "ஆபரேஷன் பண்ணினவரையே கேளுங்களேன்" என்று கழன்றுகொண்டார்.

அவரைக் கேட்டால், முழங்காலைச் சுற்றி அளந்து வாராவாரம் அனுப்பச் சொன்னார். வீக்கம் ஏறினால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், மறுபடி திறக்க வேண்டிவரும்.

"அளவெடுக்க எனக்கே சொல்லித் தர்றானா?" என்று மாமா டேப்பை எடுத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை.

அளவு போனதும் மகள் போனில் அழுதாள். "அப்பா, இங்க எடுத்ததைவிட ஜாஸ்தியா இருக்காம். உடனே கிளம்பி வரச் சொல்றார்."

அத்தை பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினாள். மாமா உறை போட்டு மூடிய மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை அறுத்தா இந்தக் கால் அவ்வளவுதான், வாலு."

வாலு நான்தான். வேறு நாளாக இருந்தால் ஏதாவது கடித்திருப்பேன். அன்றைக்கு டேப்பைக் காட்டினேன்.

"எங்க, இன்னொரு தரம் அளங்க பாப்போம்."

டேப்பைச் சுற்றினார். உள்ளே ரெண்டு விரலை நுழைத்து இழுத்துப் பார்த்தார்.

"மாமா, விரல் எதுக்கு?"

"லூஸ் விட வேணாமா? உட்காரும்போது பிடிக்காது?"

"முழங்காலுக்கு என்ன பேன்ட்டா தைக்கிறீங்க?"

மாமா தன் விரலைப் பார்த்தார். அத்தை பெட்டியைத் தொப்பென்று போட்டாள். "அட மனுஷா! உயிரே போயிடுச்சு எனக்கு!"

விரலை எடுத்துவிட்டு அளந்தால், அங்கே எடுத்ததைவிடக் குறைவு. டாக்டர் நம்பாமல் வீடியோவில் அளந்து காட்டச் சொன்னார். டேப் என் கையில். மாமாவின் கை ரெண்டும் அத்தையின் பிடியில், பழக்கதோஷத்தில் நுழைத்துவிடுவாரே! தழும்பைக் காட்டினோம். காய்ச்சல் இல்லை என்றோம். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் மொழிபெயர்த்தாள்: "வர வேணாமாம்ப்பா. மெஷினை மெல்ல மிதிச்சுப் பழகலாமாம்."

மாமா உறையை நீக்கிக் காலை வைத்தார். முகம் சுளித்தது. சக்கரம் சத்தமே இல்லாமல் ஒரு சுற்று சுற்றியது.

"சும்மா கிடந்த மெஷின் கீச்சுனு கத்தணுமே. எவன் எண்ணெய் போட்டது?"

"பேய்" என்றேன்.

மாமா அளவெடுப்பதுபோல் என்னை இடுப்பிலிருந்து கால்வரை பார்த்தார். "அந்தப் பேயை இங்க வரச் சொல்லு. முதல் பேன்ட் அதுக்குத்தான்."

"லூஸ் விட்டே தைங்க மாமா."