கலா எழுதிய பக்கங்கள்

இருமலுக்கென்று மனைவி ஹோமியோபதி மாத்திரை வாங்கி வந்திருந்தாள். மூடியைத் திறந்ததும் சர்க்கரையும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாசனை வந்தது. எனக்கு இருமல் மறந்து, புதுச்சேரியில் ஆறு வருடம் வேலை பார்த்த மாடி அறை ஞாபகம் வந்துவிட்டது.

கீழே ஹோமியோபதி கடை, மேலே எங்கள் மென்பொருள் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து பேர், ஐந்து கணினி, ஒரே ஒரு ஜன்னல். மருந்துச் சீட்டோடு தவறி மாடியேறி வந்தவர்கள்தான் எங்களைத் தேடி வந்த வாடிக்கையாளர்களைவிட அதிகம். வைத்திக்குப்பம் மீனவர் பகுதிக்குப் பக்கம் என்பதால் கடல்காற்றில் கணினியின் திருகாணிகள்கூடத் துருப்பிடிக்கும். மதியம் காற்று திரும்பினால் மீன் வாசனை. மற்ற நேரமெல்லாம் மருந்துக் கடையின் ஆட்சி.

அங்கேதான் கலா வேலைக்குச் சேர்ந்தாள். அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா மில் தொழிலாளி. மில் மூடியபின் கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவள் டிபன் பாக்ஸில் சென்னாக்குனி என்கிற பொடி இறால் வறுவல் இருந்தால் பாதி எனக்குத்தான். கொஞ்சமும் கூச்சப்படாமல் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்நாளில் நூலகங்களுக்கான ஒரு திறமூல இணையச் செயலியில் எங்கள் கம்பெனியும் பங்கெடுத்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பித் தரலாம். அதன் பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் உள்நிரலான டெம்ப்ளேட் இயந்திரம் பழசாகிவிட்டது. புதியதற்கு மாற வேண்டுமென்றால் இருநூறு சொச்சம் பக்கங்களையும் திரும்ப எழுத வேண்டும். பக்கங்களைத் தானாகவே மாற்றித் தர நான் பெருமையாக ஒரு நிரல் எழுதினேன். அது பாதிப் பக்கங்களைக் குதறி வைத்தது. “உடுங்கண்ணா, கையாலயே எழுதிடறேன்” என்றாள் கலா.

நான்கு மாதம் எழுதினாள். புத்தகத்துக்கு ஆசிரியர் பெயர் இல்லையென்றால் பழைய இயந்திரம் பேசாமல் வெற்றிடம் விட்டுவிடும். புதியதோ பக்கத்தையே நிறுத்திவிடும். அப்படிப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சரிசெய்தாள். பழைய பக்கமும் புதிய பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று கணினித் திரையில் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளப்பாள். தையல்கடை என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தை அளப்பாள்.

முடித்ததைப் பென்டிரைவில் தருவாள். திட்டத்தின் இணையதளத்தில் கோப்புகளை ஏற்றும் உரிமை கம்பெனியில் எனக்கு மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். ஏற்றினால், எதை யார் செய்தார்கள் என்று எல்லோருக்கும் காட்டும் அதன் பதிவேட்டில் என் பெயர் தானாக விழும். அடுத்தவர் வேலையென்றால் ‘இதைச் செய்தவர் இன்னார்’ என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். முதல் நாள் அவசரத்தில் விட்டுவிட்டேன். மறுநாள், நேற்றே போடவில்லையே என்று விட்டேன். மூன்றாம் நாள் திட்டத்தின் தலைமையிலிருந்து என்னைப் பாராட்டி ஒரு மெயில் வந்தது. அதன்பிறகு அந்த வரியை எழுத எனக்கு மனசு வரவில்லை. மறதி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் மறதி இல்லை.

அடுத்த வருடம் கலா சென்னையில் ஒரு பெரிய கம்பெனிக்கு நேர்காணல் போனாள். இந்த வேலையைத்தான் சொல்லியிருக்கிறாள். அவர்கள் அங்கேயே இணையத்தில் பதிவேட்டைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். எல்லாப் பக்கத்திலும் என் பெயர்.

மறுநாள் வந்து மெதுவாகத்தான் சொன்னாள். “பொய் சொல்றேன்னு நெனச்சிட்டாங்கண்ணா. நீங்க அவங்களுக்கு ஒரு மெயில் போட்டா போதும்.”

அன்றே போடுவதாகச் சொன்னேன். போடவில்லை. அதே நான்கு மாத வேலையை என் விண்ணப்பத்தின் உச்சியில் எழுதி பெங்களூருக்கு அனுப்பியிருந்தேன். பத்து நாளில் எனக்கும் நேர்காணல். நான்கு நாள் கழித்து மெயில் போட்டுவிட்டேனா என்று கேட்டாள்.

“போட்டுட்டேன் கலா. பதில் வரலயா?”

“வரலண்ணா. அவங்களுக்கு என்ன வேலையோ.”

அதன்பின் அந்த மாதம் முழுக்க செல்போனை கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அது அடிக்கும்போதெல்லாம் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவேன். பெங்களூர் வேலை எனக்குக் கிடைத்தது. விடைபெற்ற அன்று எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் அவள்தான்.

சென்ற ஆண்டு கதிர்காமம் மருத்துவமனையில் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போனபோது எதிரில் வந்தாள். ஒரு பள்ளியில் கணினி சொல்லித்தருகிறாளாம். பக்கத்தில் நின்ற கணவரிடம் என்னை அறிமுகப்படுத்தினாள்.

“இந்த அண்ணாதாங்க. அப்ப எனக்காக மெயில் எல்லாம் போட்டாரு. நமக்குத்தான் அமையல.”

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்: “அந்தப் பக்கமெல்லாம் இன்னும் இருக்காண்ணா?”

இல்லை. அந்த நூலகச் செயலி அதற்குப்பிறகு இன்னொரு புதிய இயந்திரத்துக்கு மாறிவிட்டது. கலா ஸ்கேல் வைத்து அளந்த பக்கங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. பதிவேடு இருந்த பழைய தளத்தையும் மூடிவிட்டார்கள்.

“இல்ல கலா, எல்லாத்தையும் எடுத்துட்டாங்க” என்றேன். அன்று அவளிடம் நான் சொன்ன உண்மை அவ்வளவுதான்.