கதையில் கட்டியிருந்த ஆடு

இன்று கற்பிட்டி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், என்னிடம் பத்தாம் தரத்தில் படிக்கும் பிள்ளையின் உம்மா.

"டீச்சர், புள்ள வாசிச்ச கதையில ஊர விட்டுப் போற ஆக்கள் ஆட்டக் கட்டினபடியே விட்டுட்டுப் போறாங்களே. பிறகு யாரும் அவுத்து விட்டாங்களா?"

"கதையில அது இல்ல. அந்த ஆடு ஒரு குறியீடு. விட்டுட்டு வந்த வாழ்க்கையக் காட்டுது" என்றேன். வகுப்பில் சொன்ன அதே வசனம்.

"ஓம்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"தொண்ணூறுல எங்கட சனத்த வெளியேத்தின நேரம் மன்னார்ல இருந்து வெளிக்கிடக்குள்ள என்ட ஆடும் கட்டித்தான் இருந்திச்சு. தண்ணி வெச்சனா எண்டு இன்னும் ஞாபகம் வருதில்ல."

எத்தாளையில் இறங்கிப் போய்விட்டார்.

குறியீட்டை விளக்கினால் ஐந்து புள்ளி என்று வினாத்தாளில் போட்டவள் நான்தான்.

இலக்கியம் படிப்பிக்கும் நண்பர்களே, உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? 'குறியீடு' என்று மட்டும் எழுதாதீர்கள்.