இசக்கிச்செல்வி டீச்சரின் முதுகு

இசக்கிச்செல்வி டீச்சரின் முகம் எப்படியிருக்கும் என்று இலஞ்சிப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். முதுகைக் கேளுங்கள், ரவிக்கையில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்பதுவரை சொல்வார்கள். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் அவள், வேலையில் சேர்ந்த நாள்முதல் கரும்பலகையைப் பார்த்தேதான் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் பக்கம் திரும்பினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை தென்காசிப் பேருந்து நிலையத்தில் எதிரே வந்த மாணவர்கள் அவளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனார்கள். யதேச்சையாகத் திரும்பிப் பார்த்த பிறகுதான், "ஏலே, நம்ம கணக்கு டீச்சருலே!" என்று ஓடிவந்து வணக்கம் வைத்தார்கள்.

அப்பா போலீஸ்காரர். "யாரையும் மூஞ்சியப் பாத்துப் பேசாத" என்று அதட்டியே வளர்த்தார். மகள் அதை அரசாங்க உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த ஆனி மாதம் தலைமையாசிரியை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். திங்கட்கிழமை கல்வி அதிகாரி வகுப்பைப் பார்க்க வருகிறாராம். வேலையை விட்டுவிட்டு, புளியறையில் தம்பி நடத்தும் புரோட்டாக் கடைக்குப் போய்விடுவது என்று டீச்சர் முடிவு கட்டினாள். லாரிக்காரர்களுக்குச் சால்னா ஊற்ற இலையைப் பார்த்தால் போதும். ஆனால் கணக்கு என்றால் அவளுக்கு உயிர். அதை விடவேண்டும் என்று நினைத்தபோதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் பொறுட்டி. நீயும் சங்கத்துல மெம்பர்தான? சொல்லிப் பாப்போம்" என்றாள் பக்கத்து வகுப்பு ஹஸீபா டீச்சர்.

அந்த ஆசிரியர் சங்கத்தில் ஊர்வலம், உண்ணாவிரதம் தவிர இன்னொரு வழக்கமும் உண்டு. சாரல் காலத்தில் ஒரு சனிக்கிழமை ஐந்தருவிக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் கூடுவார்கள். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து குறைநிறை சொல்வார்கள். குளித்த கையோடு வருவதால் வகுப்பே ஈரத்தலையும் எண்ணெய் வாசனையுமாக இருக்கும். செயலாளர் சிவனணைந்தபெருமாள் தீர்மானம் போடாமல் எதையும் செய்யமாட்டார். டீ குடிக்கக்கூட ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிய வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை பாடம் நடத்தும் முறை இசக்கிச்செல்விக்கு வந்தது. மண்டபத்து நடுவே ஸ்டாண்டில் நிறுத்திய கரும்பலகையிடம் அவள் வழக்கம்போல விகிதத்தை விளக்க ஆரம்பித்தாள்.

"டீச்சர் நம்ம பக்கம் திரும்பணும்னு தீர்மானம் கொண்டு வருதேன்" என்றார் பெருமாள். ஒருமனதாக நிறைவேறியது. டீச்சர் திரும்பவில்லை. கால்வாசி திரும்பினால் போதும் என்று திருத்தம் வந்தது. அவள் கழுத்து அதற்கும் ஒத்துவரவில்லை. "அப்ப நாம அங்கன போவோம்!" என்று நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் அவளுக்கு எதிரே ஓடினார்கள். அவள் சட்டென்று இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர்களும் விடவில்லை. நாற்காலிகளோடு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அருவிக்கு வந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஜன்னல் வழியே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். குமரகுரு வாத்தியாரின் வேட்டி நாற்காலிக் காலில் மாட்டிய பிறகுதான் ஓட்டம் நின்றது.

பெருமாளுக்கு மூச்சு வாங்கியது. "சரிம்மா, நீ திரும்ப வேண்டாம். நாங்க திரும்பிக்கிடுதோம்."

எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். இசக்கிச்செல்வி ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள். வரிசையாக முதுகுகள், மேலே ஈரத்துண்டுகள். இட்லிக்கு அரிசி நாலு, உளுந்து ஒன்று என்று ஆரம்பித்தாள். குரல் கணீரென்று வந்தது. புரிந்தவர்களின் தோள் தளர்ந்தது, புரியாதவர்களின் கழுத்து விறைத்தது. எங்கே நிறுத்த வேண்டும், எதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு முதன்முறையாகத் தெரிந்தது.

பாடம் முடிந்தும் யாரும் திரும்பவில்லை. பெருமாள் சுவரிடம் சொன்னார்: "நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் பாடம் நடத்துதேன். பிள்ளைக தியானம்னு நெனச்சிக்கிட்டிருக்கு."

"நான் மேசைய விட்டு வெளிய வந்ததேயில்ல. காலு கிடுகிடுன்னு ஆடும்" என்றார் குமரகுரு.

"கடைசி பெஞ்சுப் பக்கம் நான் போனதே இல்லட்டி" என்றாள் ஹஸீபா.

இசக்கிச்செல்விக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை வருஷமும் தனக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு என்று நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை அவள் பிள்ளைகளைப் பின்சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள். அதிகாரி வந்தார். எந்த அதிகாரியும் செய்வதுபோல வகுப்பின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் கண்கொட்டாமல் அவரையே பார்த்தார்கள். மனிதர் நெளிந்தார், வியர்வையைத் துடைத்தார், கடைசியில் அவரும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டீச்சர் இட்லி மாவைப் பிரமாதமாகக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு சிறுமி மட்டும் திரும்பினாள். "டீச்சர், எனக்கு வெளங்கல. எங்கம்மா அஞ்சுக்கு ஒண்ணுல்லா போடுதா. அப்ப உளுந்து கூடவா, கொறைவா?"

அவளிடம் இதுவரை ஒரு பிள்ளையும் சந்தேகம் கேட்டதில்லை. முதுகிடம் யார் கேட்பார்கள்? சிறுமியின் பெரிய கண்கள் பதிலுக்குக் காத்திருந்தன. டீச்சருக்கு நாக்கு ஒட்டவில்லை. பக்கத்தில் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கொறைவுதாம்மா. வா, போட்டுப் பாப்போம். ஒம் பேரென்ன?"

"முத்துவடிவு, டீச்சர்."

தினமும் காலையில் டீச்சர் இந்தப் பேரைக் கூப்பிட்டதும் முதுகுக்குப் பின்னாலிருந்து 'உள்ளேன் டீச்சர்' என்று கேட்கும் குரல்.

"முத்துவடிவு நீதானாம்மா?" என்றாள் டீச்சர்.