தீபாவளிக்கு விலை உண்டா?

சடையன் எந்த மூட்டையையும் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. நேராக வயிற்றில் குத்துகிறார். நடுவில் பள்ளம் ஓடும் அந்த இரும்புக் குத்தூசி சாக்குக்குள் போய், கொஞ்சம் மக்காச்சோளத்தோடு திரும்பி வருகிறது. இரண்டு மணியைக் கடித்துவிட்டு, "ஈரம் கம்மிதான். போடு" என்கிறார். பிறகு ஊசி போட்ட ஓட்டையைக் கட்டைவிரலால் நாலு தேய் தேய்க்கிறார். சணல் இழைகள் கூடி ஓட்டை மூடிக்கொள்கிறது. கள்ளக்குறிச்சி மண்டிகளில் அவர் 'போடு' என்றால் வியாபாரியும் விவசாயியும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

இந்தக் குத்திப் பார்க்கும் புத்தி மண்டியோடு நிற்பதுமில்லை. தர்பூசணி, இலவம்பஞ்சுத் தலையணை, பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன சம்பளம், எதுவும் தப்பியதில்லை. "எங்கப்பன் சீரா குடுத்த அரிசி மூட்டையவே குத்திப் பாத்துக்கினு நின்ன ஆளுதான் இது" என்று மனைவி செல்லியம்மாள் தங்கள் ஊர் தியாகதுருகம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பங்குச் சந்தை ஆசை வந்தது. கரும்பு ஆலைக் கம்பெனி ஒன்றின் பங்கை வாங்க வேண்டும். கரும்பு அவருக்குத் தெரியாததா? ஆனால் பழைய விலை தெரியாமல் கையை நீட்ட மாட்டார். "எந்த வருசம் ஏறுச்சி, எந்த வருசம் படுத்துச்சி, அது தெரியாம சரக்க தொடுவனா?"

பழைய பேப்பர் கடையில் செய்தித்தாளைக் கட்டுக்கட்டாக வாங்கிப் புரட்டினார். விலைப் பக்கத்தில்தான் ஊரே பஜ்ஜி தின்றிருந்தது. போனில் இலவசமாகக் கிடைத்த இரண்டு இடங்கள் ஒரே நாளுக்கு இரண்டு விலை சொல்லின. சென்னையில் ஒரு நிறுவனம் சுத்தமான விலைப்பட்டியல் தருவதாகச் சொல்லிக் கேட்ட வருடச் சந்தாவுக்கு ஒரு கறவை மாடே பிடித்துவிடலாம். கடைசியில் இலவசச் சரக்கைச் சோதிக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நேராக ஆகஸ்ட் பதினைந்தைத் தேடுவார். அன்று சந்தைக்கு விடுமுறை. அன்றைக்கும் ஒரு விலை இருந்தால் மொத்தமும் புளுகு. "சுதந்திர தினத்துக்கு விலை போட்டவன் மீதி நாளுக்கு நெசமா போட்டிருப்பானா?" என்று கேட்கும்போது அவர் மீசையில் ஒரு துடிப்பு வரும்.

கச்சிராயபாளையம் சாலையில் கணினி மையம் வைத்திருக்கும் கண்ணகியிடம் ஒரு நாள் இந்தக் குறையைச் சொன்னார். பட்டா மாறுதல், சாதிச் சான்று, வருமானச் சான்று என்று விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது கண்ணகியின் பிழைப்பு. வீட்டு வாடகையும் பிள்ளைகள் படிப்பும் அந்த ஒரு கணினியில்தான் ஓடுகின்றன.

"இதுக்கு எதுக்குணா மெட்ராஸ்காரனுக்குக் காசு குடுக்கறீங்க? சந்தைய நடத்துறவங்களே பழைய விலைய சும்மா போட்டு வெச்சிருக்காங்க. பிரிண்ட் செலவு மட்டும் குடுங்க" என்றார் கண்ணகி. கிடைத்த நேரத்திலெல்லாம் உட்கார்ந்து, ஆலைப் பங்கின் பத்து வருட விலையையும் எடுத்து அச்சடித்து வைத்தார்.

சடையன் வந்து சோதித்தார். ஆகஸ்ட் பதினைந்து காலி. ஜனவரி இருபத்தாறும் காலி. தலை ஆடியது. அடுத்து ஒரு தீபாவளியைத் தேடினார். சந்தைக்கு வார விடுமுறையான சனிக்கிழமை வேறு. அங்கே ஒரு விலை இருந்தது.

"இன்னாம்மா இது?"

"அப்படியேதான்ணா வந்துச்சு. நான் ஒண்ணும் கை வெக்கல."

"தீபாவளியும் அதுவுமா எவன் கடை தொறப்பான்? அதுவும் சனிக்கெழம. கலப்படம்மா இது."

இடுப்பில் செருகியிருந்த குத்தூசியை எடுத்து அந்த வரியின் மேலேயே ஒரு குத்து குத்தி, தாள்களை மேசையில் போட்டுவிட்டு நடந்தார். அதோடு விட்டிருக்கலாம். மண்டி வாசல் டீக்கடையில், "கண்ணகி கடையில விலைய இட்டுக்கட்டிக் குடுக்குது" என்று வேறு சொல்லிவைத்தார். சடையன் கழித்த மூட்டையை யார் தொடுவார்கள்? பட்டாவுக்கு வந்தவர்கள்கூட எதிர்ச்சாரிக் கடைக்கு ஏறினார்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் கண்ணகியின் கடை பெஞ்சு காலியாகிவிட்டது. பாவம், அந்தப் பெண் செய்த தப்புதான் என்ன?

தீபாவளி வந்தது. சடையன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறிச்சோறு சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டார். சாயங்காலம் பழக்கதோஷத்தில் போனை எடுத்தால், ஆலைப் பங்கின் விலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. போனை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார். அப்போதும் நிற்கவில்லை. டிவியைப் போட்டார். தீபாவளியன்று நல்ல நேரம் பார்த்து ஒரு மணி நேரம் முகூர்த்த வியாபாரம் நடப்பதாகவும், சந்தையில் இது வருடாவருடம் உள்ள வழக்கம் என்றும் செய்தி வாசித்தார்கள்.

செல்லியம்மாளுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "விஜயதசமிக்கு நம்ம மண்டி மட்டும் இன்னா, தொறந்தா கெடக்குது? பூசையப் போட்டு ஒத்த மூட்டைய எட போட்டுட்டுதான வூட்டுக்கு வர்றீங்க. அவங்களும் அதத்தான் செய்றாங்க."

சடையனின் தட்டில் வைத்த அதிரசம் அப்படியே இருந்தது. அந்த ஒற்றை மூட்டையை வருடந்தோறும் குத்துகிறவரே அவர்தான்.

மண்டி திறந்த அன்று முதலில் டீக்கடைக்குப் போனார். இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "கண்ணகி சரக்கு சுத்தம். நான்தான் தப்பா கழிச்சிட்டேன்" என்றார். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். சடையன் வாயால் அப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதேயில்லை.

அங்கிருந்து கண்ணகியின் கடை. வழக்கமான 'வாங்கணா' இல்லை.

"தீபாவளிக்கும் கடை தொறக்கறாங்கம்மா" என்றார் வாசலிலேயே நின்று.

"எனக்கும் தெரியாதுணா. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

"டீக்கடையில சொல்லிட்டுதான் வரேன்."

"போனவங்க எல்லாரும் அத கேட்டுக்கினு திரும்பி வருவாங்களாணா?"

சடையன் காலி பெஞ்சில் உட்கார்ந்தார். மேசையோரத்தில் கிடந்த தாள்களில் ஓட்டை விழுந்ததைத் தேடி எடுத்து, தொடைமேல் விரித்து வைத்து, கட்டைவிரலால் அந்த ஓட்டையை நாலு தேய் தேய்த்தார். காகிதம் மூடவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார்.