மருதனார்மடத்துச் சராசரி வேகம்

வீதி ஆய்வொன்றுக்காக மருதனார்மடம் சந்தியில் வாகனங்களின் வேகத்தைப் பதியும் வேலை எனக்கு. கம்பத்தில் கட்டிய கமராவிலிருந்து கணக்குகள் வரும். மணித்தியாலத்துக்கு ஒரு சராசரி எடுத்து, நெரிசலைக் கணிக்கும் கணினி மாதிரிக்குக் கொடுப்போம். சந்தை வாசலில் காலையில் நெரிசலே இல்லை என்று அந்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை கமராவைத் துடைக்கப் போயிருந்தேன். சுன்னாகம் பக்கமிருந்து இரண்டு மினிபஸ்கள் ஆட்களைப் பிடிக்கிற போட்டியில் ஒன்றையொன்று விரட்டி வந்தன. வாசலில் மரக்கறி இறக்கிக்கொண்டிருந்த லொறிகளால் வீதி அடைபட்டிருக்க, முன்னால் வந்தது சடாரென்று நின்றது. பின்னால் வந்த பஸ்ஸால் நிற்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள். தகரம் நசியும் சத்தம் கேட்டு ஓடினேன். அதில் வந்தவரின் ஹெல்மெட் மட்டும்தான் முழுசாய் இருந்தது.

பின் பஸ்ஸின் சாரதியைச் சனம் யன்னலால் இழுத்து விழுத்தியது. முதலில் கையால் அடித்தார்கள். பிறகு மரக்கறிப் பெட்டியை உடைத்து, ஆணியோடு இருந்த பலகையால் அடித்தார்கள். அவனுடைய முகம் கிழிந்து இரத்தம் தார் வீதியில் வழிந்தது. என்ன நினைத்தேனோ, அவன்மேல் விழுந்து படுத்துவிட்டேன். அடுத்த அடி என் தோள் எலும்பை முறித்தது.

“அண்ணை, எழும்புங்கோ. உவனை உயிரோடை விடமாட்டம்,” என்றார் எனக்குப் பழக்கமான சந்தை வியாபாரி ஒருவர். நான் எழும்பவில்லை. பொலிஸ் வந்தபிறகே கைகள் ஓய்ந்தன. சாரதி உயிர் தப்பினான். ஒரு கண் போய்விட்டது.

கையைத் துணியில் தொங்கவிட்டபடி வேலைக்குத் திரும்பியதும், முந்தைய நாட்களின் பதிவுகளை நிமிடம் நிமிடமாய்ப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் அதே வாசலில் வாகனங்கள் பாய்ந்து வந்து, அடியோடு நின்று, திரும்பவும் பாய்ந்திருந்தன. நின்ற நிமிடமும் பாய்ந்த நிமிடமும் கலந்து, மணித்தியாலச் சராசரியில் ஒரு சாதுவான வேகமாகிவிட்டிருந்தன.

மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, மாதிரி சராசரியோடு நன்றாய்ப் பொருந்துகிறதே, ஏன் குழப்புகிறீர் என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

“உங்கடை சராசரி வேகத்திலை ஒரு வாகனமும் அந்தச் சந்தியாலை போறேல்லை, சேர்.”

அவர் நிமிடப் பதிவுகளை மேலிருந்து கீழாய் இன்னொருமுறை பார்த்தார். பிறகு நிமிடக் கணக்கையே மாதிரிக்குக் கொடுக்கச் சொன்னார். இந்தமுறை அது நெரிசலைச் சரியாய்ச் சந்தை வாசலில் காட்டியது. அறிக்கை போனபிறகு, லொறிகள் சந்தையின் பின்பக்கத்துச் சின்ன ஒழுங்கையில் மரக்கறி இறக்கத் தொடங்கின. வாசலில் முந்தியளவு தேக்கம் இல்லை. மினிபஸ்கள் இன்னும் ஒன்றையொன்று விரட்டித்தான் வருகின்றன.